விறகுவாயு பாய்லரைக் குழாயில் இணைப்பது எப்படி? ஜெர்மனி வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

30 கிலோவாட் விறகுவாயு பாய்லர் (விறகிலிருந்து பிரியும் வாயுவை எரித்து, வீட்டைச் சூடாக்கும் தண்ணீரைக் காய்ச்சுவது) வாங்கிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே 800 லிட்டர் பஃபர் டேங்க் (சூடான தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி) இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஜெர்மன் விதிப்படி, கையால் விறகு போடும் பாய்லருக்கு விறகு அறையின் ஒவ்வொரு லிட்டருக்கும் டேங்க்கில் 12 லிட்டர் தண்ணீர் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கிலோவாட்டுக்கு 55 லிட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் பாய்லருக்கு அதுவே 1650 லிட்டர். விறகு அறை 150 லிட்டர் என்றால் 1800.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 40 கிலோ காய்ந்த பீச் விறகு எரிந்தால் சுமார் 145 கிலோவாட் மணி வெப்பம் தண்ணீருக்கு வரும். அது எரிந்து முடிய ஐந்து மணி நேரம். அதற்குள் வீடு 40 கிலோவாட் மணி வரை இழுக்கும். 800 லிட்டரை 40 டிகிரியிலிருந்து 85க்கு ஏற்றினால் இன்னொரு 42. மீதி எங்கே போகும்? கேஸ் பாய்லரைப் போல இதை நடுவில் அணைக்க முடியாது. சூடு போக இடமில்லாவிட்டால் பாய்லர் காற்றைக் குறைத்துப் புகையவிடும், வாயு சரியாக எரியாது, தார் படியும்.

பழைய டேங்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கத்தில் 1000 லிட்டர் ஒன்று வைத்து வரிசையாக இணையுங்கள்: சூடு முதல் டேங்க்கின் தலையில் நுழைந்து, அதன் அடியிலிருந்து இரண்டாவதன் தலைக்குப் போகட்டும். பாய்லருக்கான ரிட்டர்ன் (ஆறித் திரும்பும் தண்ணீர்) இரண்டாவதன் அடியிலிருந்து வர வேண்டும். அப்புறம், 1000 லிட்டர் டேங்க் காப்புறை இல்லாமலே பொதுவாக 79 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஆர்டர் போடும் முன் நிலவறைக் கதவை அளந்துகொள்ளுங்கள்.

விறகு நன்றாகக் காய்ந்ததுதான். ஆனாலும் உள்ளே கறுப்பாக ஒழுகுகிறது. பாய்லர் கோளாறா?

எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மேலே விறகு அறைச் சுவரில் கறுப்பாகப் பளபளவென்று ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், வாயு பிரியும் இடம் அப்படித்தான் இருக்கும். பின்னால் புகை போகும் குழாய்களில் ஈரமும் தாரும் இருந்தால்தான் கோளாறு. அது பெரும்பாலும் பாய்லரில் இல்லை, ரிட்டர்ன் குழாயில்.

திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால், புகையிலுள்ள நீராவி குளிர்ந்த இரும்பில் பட்டு அமிலத் தண்ணீராக இறங்கும். சில வருடங்களில் இரும்பே ஓட்டையாகும். இதைத் தடுக்கத்தான் ரிட்டர்னில் 60 டிகிரி தெர்மோஸ்டாட் வைத்த மூன்று வழி வால்வு. பாய்லரிலிருந்து வரும் சூடு ஒரு வாயில், டேங்க் அடியிலிருந்து வரும் குளிர் இன்னொரு வாயில், கலந்தது மூன்றாவது வழியாக பம்ப்புக்கு. வால்வில் ஏ, பி, ஏபி என்று பொறித்திருக்கும். எது எதற்கு என்பதைத் தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்தே இணையுங்கள். மாற்றிப் பூட்டியதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சோதிப்பது சுலபம். தீ மூட்டிய புதிதில், பாய்லர் 60ஐத் தொடும்வரை டேங்க்குக்குப் போகும் குழாய் குளிராகவே இருக்க வேண்டும். அப்போதே கை சுட்டால் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

கரண்ட் போனால் பாய்லர் வெடிக்குமா? எங்களுக்குச் சொந்தக் கிணற்றுத் தண்ணீர்.

கரண்ட் போனால் பம்ப் நின்று பாய்லரில் சூடு ஏறும். அதற்காகவே உள்ளே ஒரு குளிர்ச்சிச் சுருள் இருக்கும். 95 டிகிரி வந்ததும் வெப்ப வால்வு திறந்து, பச்சைத் தண்ணீர் அந்தச் சுருளில் ஓடி வடிகாலுக்குப் போகும். அதற்குக் கரண்ட் தேவையில்லை, தண்ணீர் அழுத்தம் தேவை, குறைந்தது 2 பார். உங்கள் கிணற்று பம்ப்போ கரண்டோடு சேர்ந்தே நின்றுவிடும். ஆகவே ஊர்க் குழாய்த் தண்ணீர் இணைப்பு கட்டாயம். அது கிடைக்காது என்றால் பாய்லரை மூட்டும் முன் உள்ளூர் நிபுணரோடு உட்கார்ந்து வேறு வழி தேடுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

இன்னொன்று: பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் (அழுத்தம் மீறினால் தானே திறப்பது) நடுவில் எந்த அடைப்பு வால்வும் வரக் கூடாது. பராமரிப்புக்கு வசதி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தினமும் சாயங்காலம் சேஃப்டி வால்வு சொட்டுகிறது, காலையில் அழுத்தம் பூஜ்யம். பழைய 25 லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க்தான் (விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தொட்டி) இருக்கிறது.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தண்ணீர் 85 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். மொத்தம் 2000 லிட்டர் என்றால் 60 லிட்டர். எக்ஸ்பான்ஷன் டேங்க் முழுவதும் நிரம்பாது என்பதால் 200 லிட்டர் வாங்குங்கள்.

பாய்லரிலிருந்து டேங்க்குக்குப் பிளாஸ்டிக் குழாய் போடலாமா?

வேண்டாம். இரும்பு அல்லது செம்பு. 30 கிலோவாட்டுக்கு மணிக்கு சுமார் 1300 லிட்டர் ஓட வேண்டும், 35 மில்லிமீட்டர் செம்பு நிம்மதி. டேங்க்கைத் தாண்டி, சூட்டைக் கலந்து குறைக்கும் மிக்சிங் வால்வுக்கு அப்பால், தரைச் சூட்டுக்குப் பிளாஸ்டிக் சரி.

பழைய எண்ணெய் பாய்லரையும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போகும்போது உதவும். ஆனால் அது முழு டேங்க்கையும் சூடாக்கக் கூடாது, மேல் பகுதியோடு நிறுத்துங்கள். அதன் குழாயில் ஒருவழி வால்வு இல்லையென்றால், விறகில் சூடான தண்ணீர் அணைந்த பாய்லர் வழியாகச் சுற்றிப் புகைபோக்கியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். புகைபோக்கியைப் பொறுத்தவரை, பாய்லர் வாங்கும் முன்பே உங்கள் வட்டாரத்துப் புகைபோக்கி அதிகாரியிடம் பேசிவிடுங்கள். அவர் பார்த்து ஒப்புதல் தராமல் முதல் தீ மூட்ட முடியாது.