ஏபி ஆங்கிலத் தேர்வு: பகுப்பாய்வும் வாதமும் எழுதப் பழகுவது எப்படி?

ஏபி (AP) என்பது பள்ளி மாணவர்கள் எழுதும் அமெரிக்கக் கல்லூரி நிலைத் தேர்வு. அதில் ஆங்கில மொழித் தேர்வின் உரைப் பகுப்பாய்வுக் கட்டுரைக்கும் வாதக் கட்டுரைக்கும் எப்படித் தயாராவது என்று மலேசியாவின் பினாங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண். அதில் 4 ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும். அதனால் பகுப்பாய்வில், உவமை, அடுக்குமொழி என்று பெயர் மட்டும் சூட்டிவிட்டு நகராதீர்கள். ‘நீங்கள்’ என்று தொடங்கிய பேச்சாளர் நடுவில் ‘நாம்’ என்று மாறினால், ஏன் அந்த இடத்தில் மாறினார், கேட்பவர் மனசில் அது என்ன செய்திருக்கும் என்று எழுதுங்கள். எனக்கு இது பிடிபடவே பல மாதம் ஆனது.

வாதத்துக்கு ஆதாரமாகப் பெரிய தலைவர்களைத் தேட வேண்டாம். பினாங்குக் கடைகளில் 2011 முதல் வாரத்தின் எல்லா நாளும் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 20 சென் வாங்கினார்களே! சட்டம் பழக்கத்தை மாற்றுமா என்று கேட்டால், அம்மா மடித்து வைத்திருக்கும் துணிப்பையே ஆதாரம். அப்புறம், 40 நிமிஷம் அலாரம் வைத்து வாரம் ஒன்றாவது எழுதிப் பாருங்கள்.