சந்தாப் பட்டியல் கருவியின் ஆவணம் எதை முதலில் சொல்ல வேண்டும்?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஸ்ட்ரைப் என்னும் இணையக் கட்டணச் சேவை வழியாகச் சந்தா வசூலிக்கிறது. சந்தாக்களைப் பட்டியலிட்டு வடிகட்டித் தரும் ஏபிஐ (மென்பொருள்கள் தம்முள் தகவல் பரிமாறும் இடைமுகம்) கருவி ஒன்றை வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்காக உருவாக்கியுள்ளோம். அதன் ஆவணத்தில் எல்லா அளவுருக்களையும் (கேட்கும்போது கொடுக்கக்கூடிய நிபந்தனைகளை) அட்டவணையாகக் கொடுத்துவிட்டேன். ஆனாலும், "இவருடைய சந்தா ஏன் பட்டியலில் வரவில்லை?" என்று தினமும் கேட்கிறார்கள். என்ன விடுபட்டிருக்கிறது?

பதில்: உங்கள் அட்டவணை, கருவியிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்பதைச் சொல்கிறது. எதுவும் குறிப்பிடாமல் கேட்டால் அது எதைத் தராமல் விட்டுவிடும் என்பதை அநேகமாகச் சொல்லவில்லை. பட்டியல் தரும் கருவி பிழைச் செய்தி காட்டாமலே பாதி விவரத்தைத் தந்துவிடக்கூடியது. எனவே, அளவுருக்களுக்கும் முன்பாக, ஆவணத்தின் முதல் பத்தியிலேயே விடுபடுபவை எவை என்பதை எழுதிவிடுங்கள்.

ஸ்ட்ரைப்பின் சந்தாப் பட்டியலில் இப்படி விடுபடுபவை முக்கியமாக இரண்டு. ஸ்டேட்டஸ் என்னும் நிலை அளவுருவைக் கொடுக்காவிட்டால், ரத்து செய்யப்பட்ட சந்தாக்கள் பட்டியலில் வராது. லிமிட் அளவுருவைக் கொடுக்காவிட்டால், பத்துப் பதிவுகள் மட்டுமே வரும். அதிகபட்சமாக 100 வரை கேட்கலாம். நீங்கள் குறிப்பிடும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருபவையாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

நிலைகளைப் பற்றிய பகுதிக்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். ஆக்டிவ், ட்ரையலிங், கேன்சல்ட் என்று பெயர்களை மட்டும் அடுக்கினால் போதாது. ஒவ்வொரு நிலைக்கும் சந்தா எப்படி வந்து சேர்கிறது, எப்போது அதிலிருந்து வெளியேறுகிறது என்பதையும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் கட்டணம் செலுத்தப்படாத சந்தா இன்கம்ப்ளீட் நிலையில் இருக்கும்; 23 மணி நேரத்துக்குள் கட்டணம் வராவிட்டால் இன்கம்ப்ளீட்_எக்ஸ்பயர்ட் நிலைக்குப் போய் முடிந்துவிடும். முடிந்துபோனவற்றைத் தேடுவோர் கேன்சல்ட் என்று மட்டும் வடிகட்டினால் இவை சிக்காது. இரண்டையும் சேர்த்துப் பெற எண்டட் என்றும், எந்த நிலையையும் விடாமல் பெற ஆல் என்றும் கொடுக்க வேண்டும். கணக்கே நீக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் சந்தாக்களும் கேன்சல்ட் பட்டியலில் சேர்ந்துவரும் என்பதைக் குறிப்பிட்டால், "யார் இவர்?" என்ற இன்னொரு கேள்வியும் குறையும்.

பெயரை நம்பி ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. பில்லிங் காலம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்ட சந்தா, அந்தக் காலம் முடியும்வரை ஆக்டிவ் என்றே காட்டும். நிறுத்தச் சொன்ன செய்தி கேன்சல்_அட்_பீரியட்_எண்ட் என்ற வேறொரு புலத்தில் (தகவல் கட்டத்தில்) இருக்கிறது. கட்டண வசூலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தாலும் நிலை மாறுவதில்லை. பாஸ்டு என்ற இடைநிறுத்த நிலை, கட்டண முறை எதுவும் பதிவு செய்யாமல் இலவசச் சோதனைக் காலம் முடிந்த சந்தாக்களுக்கானது. இந்த வேறுபாடு அட்டவணையின் ஒற்றைக் கட்டத்தில் அடங்காது, வாக்கியமாகவே எழுதுங்கள்.

அடுத்தது பக்கம் புரட்டுவது. பட்டியல் புதியதிலிருந்து பழையதை நோக்கிச் செல்கிறது. பதிலில் ஹேஸ்_மோர் என்பது ட்ரூ என்றிருந்தால் இன்னும் பதிவுகள் உள்ளன என்று பொருள். கடைசியாக வந்த சந்தாவின் அடையாள எண்ணை ஸ்டார்ட்டிங்_ஆஃப்டர் அளவுருவில் கொடுத்து அடுத்த தொகுதியைப் பெற வேண்டும். பக்க எண் கேட்கும் முறையில், நாம் புரட்டிக்கொண்டிருக்கும்போதே புதிய சந்தா சேர்ந்தால், பதிவுகள் நகர்ந்து ஒன்றே இருமுறை வரக்கூடும். அடையாள எண்ணைப் பிடித்துச் செல்லும் இம்முறையில் அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கருவி எல்லாப் பக்கங்களையும் தானே புரட்டித் தருகிறதா, பயனர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டுமா என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுங்கள்.

நேர வடிகட்டலுக்கு விளக்கத்தைவிட எடுத்துக்காட்டே உதவும். ஸ்ட்ரைப் நேரத்தை, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் யூனிக்ஸ் விநாடிகளில் வாங்குகிறது. இந்திய நேரப்படி 2025 ஏப்ரல் 1 தொடங்கும் நள்ளிரவு, யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் மார்ச் 31 மாலை 6.30; விநாடிக் கணக்கில் 1743445800. இதைக் கவனிக்காமல் யுடிசி நள்ளிரவைக் கொடுத்தால் மாதத்தின் முதல் ஐந்தரை மணி நேரத்தில் சேர்ந்தவர்கள் விடுபட்டுப்போவார்கள். தொடக்கத்துக்கு ஜிடிஇ (அந்த நேரமும் அதற்குப் பின்னும்), முடிவுக்கு அடுத்த மாதத்தின் தொடக்கத்தோடு எல்டி (அந்த நேரத்துக்கு முன்பு மட்டும்) என்ற இணையைப் பரிந்துரைத்தால், எல்லையில் இருக்கும் பதிவு இரண்டு மாதங்களிலுமாக இருமுறை எண்ணப்படாது.

மெட்டாடேட்டாவை (சந்தாவோடு நாமே சேர்த்துவைக்கும் கூடுதல் குறிப்புகளை) கொண்டு வடிகட்ட முடியுமா என்று யாரேனும் கேட்பார்கள். பட்டியல் ஏபிஐயில் முடியாது. அதற்கெனத் தனித் தேடல் ஏபிஐ இருக்கிறது. ஆனால் இந்திய வணிகக் கணக்குகளுக்கு அந்தத் தேடல் வசதி இல்லை. வசதி உள்ள நாடுகளிலும், இப்போதுதான் உருவாக்கிய சந்தா தேடலில் தெரிய வழக்கமாக ஒரு நிமிடம் வரை ஆகலாம் என்பதால், உருவாக்கிய கையோடு சரிபார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

வெற்றுப் பட்டியலையும் பிழையையும் தனித்தனியே காட்டும் இரண்டு மாதிரிப் பதில்களையும் சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் இருந்து, அவருக்குப் பொருந்தும் சந்தா இல்லையென்றால் வெற்றுப் பட்டியல் வரும். சோதனைச் சூழலின் அடையாள எண்ணை நேரடிச் சூழலின் ஏபிஐ சாவியோடு (அணுகலுக்கான ரகசியக் குறியீட்டோடு) அனுப்பினால், அப்படியொரு வாடிக்கையாளர் இல்லை என்ற பிழை வரும். எந்த ஏபிஐ பதிப்பை ஒட்டி எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் தலைப்பின் கீழேயே குறியுங்கள். 2025 மார்ச் 31 தேதியிட்ட பதிப்பில், நடப்புக் காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் புலங்கள் சந்தாவிலிருந்து அதன் உட்பொருள்களுக்கு மாற்றப்பட்டன. பழைய பதிப்பை ஒட்டிய மாதிரியை வைத்திருந்தால், படிப்பவர் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.