சூளும் தாம்பூலமும்: சொல் கேள்வி பதில்

ஆணையிட்டுத் தரும் வாக்கைக் குறிக்கும் ‘சூள்’ என்ற பழஞ்சொல்லுக்கும், மணம் பேசி உறுதி செய்வதைக் குறிக்கும் சொற்களுக்கும் மாற்றுச் சொல் கேட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். என் பதில்கள் கீழே.

கேள்வி: சரித்திரக் கதை எழுதுகிறேன். “உன்னையே மணப்பேன்” என்று காதலன் தரும் வாக்குக்குப் பழைய சொல் எது?

பதில்: சூள்தான். குறுந்தொகையின் 53ஆம் பாட்டில் தலைவன் தலைவியின் முன்கையைப் பற்றிக்கொண்டு, சூரரமகளிர் என்னும் தெய்வப் பெண்களைச் சாட்சி வைத்துச் சூள் உரைக்கிறான். அந்தச் சூள்தான் எங்களை வருத்துகிறது என்று தோழி பின்னர் அவனிடமே சொல்கிறாள். கையைப் பற்றுதல், தெய்வத்தைச் சொல்லுதல், காலம் கடந்தால் வலித்தல் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ‘வாக்குறுதி’ என்று எழுதினால் தேர்தல் மேடை நினைவுக்கு வந்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: வஞ்சினம் என்று எழுதலாமா, ஐயா?

பதில்: எழுதலாம், கவனம் தேவை. புறநானூறு 71, 72ஆம் பாட்டுகளில் அரசர்கள் போருக்கு முன் கூறும் சூளுரைதான் வஞ்சினம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை அழிப்பேன் என்று சொல்லும் பகுதிக்கு ‘வஞ்சின மாலை’ என்றே பெயர். ஆகவே இன்றைய காதில் அது சினத்தோடுதான் விழும். ஆனால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காதலுக்கும் அதையே வைக்கிறார்: தலைவன் மலைக் கடவுளைத் தொழுது, வஞ்சினம் கூறி அவளைத் தேற்றி, தெளிந்த நீரைக் குடிக்கிறான். அந்த நீர் குடிக்கும் செயல் எனக்கு மிகவும் பிடித்தது. கதையில் அதைக் காட்டிவிட்டால் வஞ்சினம் என்ற சொல் இயல்பாகப் பொருந்தும்.

கேள்வி: சத்தியம், சபதம், ஆணை, வாக்கு எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கூட வரும் வினையைப் பாருங்கள். வாக்கைக் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். சத்தியம் செய்கிறோம், கையில் அடித்தோ தலையைத் தொட்டோ. சபதம் போடுகிறோம், எதிரே ஒரு பகைவன் நிற்கிறான். ‘உன்மேல் ஆணை’ என்னும்போது அன்புக்குரிய ஒருவரையே பிணையாக வைக்கிறோம். உறுதிமொழியைக் கூட்டமாக நின்று எடுக்கிறோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் காட்சியே மாறிவிடும்.

கேள்வி: அழைப்பிதழில் நிச்சயதார்த்தத்துக்குப் பதிலாக என்ன போடலாம்?

பதில்: ‘மண உறுதி விழா’ தெளிவாக இருக்கிறது. நிச்சயதாம்பூலம் என்றால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது; அதைச் செய்கிறீர்கள் என்றால் அதையே போடுங்கள். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் பொருள். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ‘பரிசம் போடுதல்’ என்று அச்சிட வேண்டாம். சூள் இருவருக்கிடையே நிற்பது, தாம்பூலம் இரு வீட்டாருக்கிடையே மாறுவது; அழைப்பிதழில் சூள் பொருந்தாது. ஆண்டாளின் ‘வாரணமாயிரம்’ பாசுரங்களில் வரும் ‘மகட்பேசி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பெண் கேட்டுப் பேசி முடிப்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொல் மீண்டும் புழக்கத்துக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் கதையில் எப்படிக் குறிப்பது?

பதில்: ‘அவனுக்குப் பேசி முடித்த பெண்.’ பழைய தமிழ் விவிலியத்தில் மரியாள் யோசேப்புக்கு ‘நியமிக்கப்பட்டிருக்கையில்’ என்று வரும். கிறித்தவக் குடும்பப் பின்னணி என்றால் அந்த நடை பொருந்தும்.

கேள்வி: சூளுரையா, சூழுரையா?

பதில்: சூளுரை. சூழ் என்றால் சுற்றுதல், சூல் என்றால் கரு.

கேள்வி: சூள் மீறுவதைச் சொல்ல எந்த வினைச்சொல்?

பதில்: பொய்த்தல். மழை பொய்த்தது என்கிறோமே, அதே வினை. சாட்சி யாரும் இல்லாதபோது தலைவன் மணந்தான், அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று குறுந்தொகை 25இல் தலைவி கேட்கிறாள். அங்கே இருந்தது மீன் பார்த்து நின்ற குருகு என்னும் நீர்ப்பறவை மட்டும். ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்’ என்கிறது தொல்காப்பியம். இங்கே ஐயர் என்பது பெரியோர், கரணம் என்பது மணச் சடங்கு. இக்காலக் கதை என்றால் ‘வாக்குத் தவறினான்’ போதும்.