பாட்டிலில் வராத பளபளப்பு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரத்தரை பற்றியவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மரத்தரைக்கு நீராவி மாப் வாங்கலாமா? எல்லாத் தரைக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: வேண்டாம். ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் குளியலறை டைல்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உடனடிப் பளபளப்பு என்று போட்டிருந்த திரவத்தை மாதாமாதம் ஊற்றித் துடைத்தேன். முதலில் ஜொலித்தது. இப்போது பாலாடை படிந்த மாதிரி மங்கிக் கிடக்கிறது, காலும் ஒட்டுகிறது. இதைவிட நல்ல பாட்டில் எது?

பதில்: இன்னொரு பாட்டிலா! சரி, இந்தச் சரக்கின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். பளபளப்பது மரம் இல்லை, மரத்தின் மேல் இருக்கும் பூச்சு. இப்போதைய தரைகளில் அது பெரும்பாலும் பாலியூரிதீன் என்ற பிளாஸ்டிக் வகை. காலில் ஒட்டி வரும் மண் அதை உரசி உரசி நுண்ணிய கீறல் போடுகிறது, அதில் வெளிச்சம் சிதறுவதால்தான் தரை மங்கலாகத் தெரிகிறது. பாட்டில்காரர் அந்தக் கீறலைச் சரிசெய்வதில்லை. பல திரவங்கள் மேலே ஒரு அக்ரிலிக் படலத்தைப் போர்த்திவிடுகின்றன, அவ்வளவுதான். அது பூச்சைவிட மென்மையானது, சீக்கிரம் கீறும், அழுக்கை அடியில் வைத்து மூடும், அடுத்த மாதம் அதன் மேல் இன்னொரு படலம். இதில் பெரிய நஷ்டம் பின்னால்தான் வருகிறது: என்றைக்காவது புதுப் பூச்சு அடிக்கலாம் என்று ஆளை அழைத்தால், இந்தப் படலத்தின் மேல் பாலியூரிதீன் சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும். என் அலமாரியிலும் பாதி காலியான பாட்டில் ஒன்று கிடக்கிறது, 'புதுசு போல' என்ற எழுத்து மட்டும் இன்னும் மங்கவில்லை. நீங்கள் வாங்க வேண்டியது இந்தப் படலத்தைக் கரைத்தெடுக்கும் திரவம். முதலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், அப்புறம் சிறிது சிறிதாகப் போங்கள்.

கேள்வி: வினிகர் கலந்த தண்ணீர் இயற்கையானதுதானே?

பதில்: இயற்கையான அமிலம். தொடர்ந்து போட்டால் பூச்சு மங்கும். அமிலமோ காரமோ இல்லாத, மரத்தரைக்கென்றே விற்கும் கிளீனரும், நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் மாப்பும் போதும், துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் மண்ணை எடுங்கள். வாக்குவம் என்றால் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: வாளித் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவோம். பலகை ஓரங்கள் தூக்கிக்கொண்டன. வாரன்டி கிடையாது என்கிறார்கள், இது நியாயமா?

பதில்: நியாயம்தான். வாரன்டித் தாளை எப்போதாவது பிரித்துப் பார்த்தீர்களா? நின்ற தண்ணீருக்குப் பொறுப்பில்லை என்று அநேகமாக எல்லாத் தாளிலும் இருக்கும். பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்தால் ஓரம் தூக்கும். முழுசாகக் காயும் முன் மெஷின் வைத்துத் தேய்த்துச் சமமாக்கிவிடாதீர்கள், காய்ந்த பிறகு நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் ஆகிவிடும்.

கேள்வி: சாலிட் வுட் என்று சொல்லித்தான் விற்றார்கள். தேய்த்துப் பூச்சு அடிக்க வந்தவர், இது லேமினேட், தேய்க்கவே முடியாது என்கிறார். சேமிப்பெல்லாம் இதில் போட்டோம்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மரம் என்று சொன்னால் மரம் என்றுதானே நம்புவோம். நீங்களே ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்: வாசல்படி ஓரத்திலோ மிச்சம் வைத்த பலகையிலோ வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே உள்ள ரேகை உள்ளே இறங்காமல் அழுத்திய நார்க்கட்டையாகத் தெரிந்தால் லேமினேட்தான், மேலே இருப்பது அச்சடித்த தாள். ஒரே கணு பல பலகைகளில் அச்சு மாறாமல் வருவதும் இன்னொரு அடையாளம். பில், விளம்பரம், அவர்கள் அனுப்பிய மெசேஜ், பலகை வந்த பெட்டி லேபிள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேய்க்க வந்தவர் சொன்னதையும் எழுதி வாங்குங்கள். கடைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். மழுப்பினால் நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். அதுவரை ஒரு பலகையைக்கூடப் பெயர்க்க விடாதீர்கள்.

கேள்வி: தரை மங்கிவிட்டது. முழுசாகத் தேய்க்க வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அதிகம் நடக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது, மேற்பரப்பை லேசாக உரசி ஒரு கோட் அடித்தால் போதும். சில நிமிடங்களில் உறிஞ்சிக் கறுத்தால்தான் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. உங்களுடையது ஒட்டுப்பலகை, அதாவது அடியில் பிளைவுட் மாதிரி அடுக்கு, மேலே மட்டும் மெல்லிய நிஜ மரம் என்றால், அந்த மேல் மரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள், 2-க்குக் கீழே என்றால் தேய்க்கும் மெஷினை உள்ளேயே விடாதீர்கள்.