கையெழுத்துப் போட்டவர் எழுத்தாளர் ஆகிவிடுவாரா?

கேள்வி: 2011 முதல் புனைபெயரில் வலைப்பூ எழுதிவந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிப்பாளர் ஒருவர் புத்தகமாகப் போடக் கேட்டபோது, என் பெயர் எங்கும் வரக்கூடாது என்று என் அத்தை மகன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு புத்தகங்கள் வந்தன. ராயல்டி அவர் கணக்குக்குப் போகிறது. இப்போது வெப் சீரிஸுக்கு அட்வான்ஸும் வாங்கிவிட்டார். போன ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் என் புனைபெயரிலேயே வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். கேட்டால், "நீதானே பேர் வேணாம்னு சொன்ன, எழுதினது நான்தான்னு இருக்கட்டும்" என்கிறார். ராத்திரியில் தூக்கமே இல்லை. பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிடலாம் போலிருக்கிறது. வழக்குப் போடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: ஒரு பதிவைக்கூட அழிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புத்தகக் காட்சியில் நடந்ததையும் உறவுக்குள் வந்த கசப்பையும் நீதிமன்றம் எடைபோடாது. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: அந்தப் பெயரில் எழுதியது நீங்கள்தான் என்று நிரூபிக்க முடியுமா? முடிந்தால் பதிப்புரிமை உங்களுடையது. புனைபெயரில் எழுதியதால் அது குறையாது, பதிவு செய்யாததாலும் போகாது.

ஆனால் காகிதமெல்லாம் அவர் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் அவர் பெயரில். ராயல்டியில் வரி பிடித்திருந்தால் அதுவும் அவருடைய பான் எண்ணில். உங்களிடம் இருப்பது தேதி போட்ட அந்தப் பழைய பதிவுகளும், பதிப்பாளருக்குப் போன மின்னஞ்சல்களும், உங்கள் கையால் திருத்திய புரூப் தாள்களும்தான். கோபத்தில் வலைப்பூவை மூடிவிட்டு, அதற்கப்புறம் வழக்குக்காக என் ஆபீசுக்கு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக என்னால் அதிகம் செய்ய முடியவில்லை.

இன்றைக்கே அந்த வலைப்பூவுக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். மீட்பு எண்ணாகக் கொடுத்தது எப்போதோ விட்டுவிட்ட சிம் என்றால் உடனே மாற்றுங்கள். அவருக்குக் கடவுச்சொல் தெரியுமா? நம்பிக்கையில் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

வழக்குப் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் புனைபெயரில் வழக்குப் போட முடியாது. மனுவில் உங்கள் சொந்தப் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி எல்லாம் வரும். வழக்குப் பட்டியலும் உத்தரவும் இணையத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் தேடலாம். இத்தனை வருடம் காப்பாற்றியதை முதல் விசாரணைக்கு முன்பே இழப்பீர்கள். அதோடு, "அவர்தான் ஆசிரியர் என்று பதிப்பாளரை நம்பவைத்தது நீங்கள்தானே?" என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கும். அதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை.

அதனால் சமாதானமாகப் போங்கள். இப்போதே போங்கள். படமெடுக்க வருகிறவர்கள் உரிமை யாருடையது என்பதில் வில்லங்கம் இருந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். உங்கள் கையெழுத்து அவருக்குத் தேவைப்படும் நேரம் இதுதான். அதற்காக நீங்களே தயாரிப்பாளருக்கு எழுதிவிடாதீர்கள். பேச்சு முறிந்தால் வழக்கறிஞர் வழியாகப் போகட்டும். வீட்டில் பேசி முடியாவிட்டால், வணிக நீதிமன்றச் சட்டத்தில் வழக்குக்கு முந்தைய சமரசம் இருக்கிறது. அங்கே பேசுவது வெளியே வராது. எட்டும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு, அதாவது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம்.

உடன்படிக்கை எழுதும்போதுதான் பலர் கவிழ்கிறார்கள். "என் பதிப்புரிமையை இவருக்கு மாற்றித் தருகிறேன்" என்று அவர் எழுதினால், அதுவரை உரிமை அவருடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 வருடத்துக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 5 வருடம் கழித்து அவரோ அவர் பிள்ளைகளோ வந்து நிற்பார்கள். "ஆரம்பம் முதலே எழுதியவர் இவர்தான், நான் இவர் சார்பில் மட்டும் கையெழுத்திட்டேன்" என்று இருக்க வேண்டும். பதிப்பாளரும் கையெழுத்திடட்டும். உங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும், அந்தப் பெயரில் அவர் இனி எங்கும் தோன்றக் கூடாது என்பதும் சேரட்டும்.

பழைய ராயல்டியை விட்டுவிடுங்கள். வலிக்கும், தெரிகிறது. அந்தத் தொகைக்காக இழுத்தால் வெப் சீரிஸ் பணமும் கைநழுவும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. உங்கள் உரிமையை அவர் முதன்முதலாக மறுத்த நாளிலிருந்து, உரிமையை அறிவிக்கக் கோரும் வழக்குக்கு 3 வருடம்தான். "எழுதினது நான்தான்" என்று அவர் எந்தத் தேதியில், எதில் சொன்னார்? வாட்ஸப்பில் என்றால் அந்த உரையாடலையும் பத்திரப்படுத்திக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.