ராக் கச்சேரியை நேரில் பார்த்த அனுபவம் எப்படி இருந்தது? வெறும் சத்தம்தானா?

நான் நேரில் பார்த்த பெரிய ராக் கச்சேரி ஒன்றே ஒன்றுதான். 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அரண்மனை மைதானம், அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேள்வியில் 'வெறும் சத்தம்தானா' என்று இருப்பதைப் பார்த்ததும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் சத்தம் எங்கள் குடும்பத் தொழில்.

நீடாமங்கலம் பக்கம் அப்பா மைக் செட் வைத்திருந்தார். தென்னை மரத்தில் குழாய் கட்டுவது, காதுகுத்துக்கு இரண்டு பாக்ஸ் இறக்குவது, அஹுஜா ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் கையை வைத்துச் சூடு பார்ப்பது, இதெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே அத்துப்படி. கல்லூரி விடுதியில் ஒருவன் கொடுத்த எம்பி3 சிடியில்தான் மெட்டாலிகா வந்தது. வீட்டில் அதைக் கேட்க ஒரு சாக்கு வைத்திருந்தேன். வாடகைக்குப் போய்த் திரும்பிய பாக்ஸில் ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் பாட்டைப் போடுவேன். கிழிந்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்பா திண்ணையில் இருந்தே, "செக் பண்ணது போதும்டா, பால் திரிஞ்சுடும்" என்பார்.

டிக்கெட் விலையில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன். அதற்கே அப்பா, "சஷ்டி நேரத்துல பாட்டு கேக்கப் பெங்களூர் போறியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தீபாவளி 26ஆம் தேதி முடிந்து கந்த சஷ்டி நடந்துகொண்டிருந்தது, கோயில் வேலை இருந்தது. போதாக்குறைக்கு, டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் 28ஆம் தேதி நடக்க வேண்டிய இதே குழுவின் கச்சேரி கடைசி நேரத்தில் ரத்தாகி, ரசிகர்கள் மேடையில் ஏறி அடித்து நொறுக்கிய செய்தி வேறு வந்திருந்தது. டிக்கெட் வாங்கியாயிற்று, பெங்களூரில் நடக்குமோ நடக்காதோ, போய்த்தான் பார்ப்போமே என்று சனிக்கிழமை தஞ்சாவூருக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து மைசூர் எக்ஸ்பிரஸில் நானும் மச்சானும் ஏறினோம். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் திருச்சி வருவதற்குள் காலி.

மைதானத்து வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே அதே தண்ணீர் என்ன விலைக்கு விற்றது என்பதைச் சொல்லி இப்போது வயிறெரிய வேண்டாம். எங்கு பார்த்தாலும் கறுப்புச் சட்டை. பின்னால் இருந்து பார்த்தால் சபரிமலைக்கு மாலை போட்ட கூட்டம் என்றுதான் எங்கள் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் தாலுகா முழுக்கத் தேடினாலும் இந்தப் பாட்டைக் கேட்பவர்கள் நானும் மச்சானும் மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். அங்கே எனக்குப் பின்னால் ஒருவர் போனில், "சத்தம் போட்டுப் பேசாதீங்க சித்தப்பா, கேக்குது" என்று கும்பகோணத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிஃபி க்ளைரோ வாசித்தார்கள். நல்ல குழுதான், ஆனால் கூட்டம் அவர்களை மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் வந்து இறங்கிய சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது. அப்புறம் விளக்கை அணைத்தார்கள். 1966இல் வந்த ஒரு படத்துக்கு இத்தாலிக்காரர் என்னியோ மோரிக்கோனே அமைத்த இசைத்துண்டு ஒன்று ஒலித்தது. 1983இலிருந்து மெட்டாலிகா மேடை ஏறும்போது பெரும்பாலும் இதைத்தான் போடுகிறார்கள். அதில் மெட்டாலிகாவின் கிதாரும் கிடையாது, அவர்கள் குரலும் கிடையாது. ஆனாலும் கூட்டம் முழுவதும் அதன் மெட்டை வாயால் பாட ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள் இல்லையா? அதிலும் சொல் கிடையாது. ஆனால் நாகசுரத்தில் அது எழும்பியதுமே, கோபுர வாசலில் நிற்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராகிவிடுவார்கள். அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

முதல் மூன்று பாட்டுக்கு முன்வரிசைக் கூட்டத்துக்குள் இருந்தோம். தரையில் கால் ஊன்றியிருந்ததா என்பதே சந்தேகம். பேஸ் கிதார் வாசிக்கும் ராபர்ட் ட்ருஹியோ முழங்காலை மடக்கி, வயல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்ததை இரண்டு பேர் தலைக்கு நடுவில் பார்த்தேன். அவ்வளவுதான். மச்சான் அங்கேயே இருந்துவிட்டான். நான் நெளிந்து வளைந்து வெளியே வந்து, மைதானத்தின் நடுவில், எல்லா ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்சர் இருந்த கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கச்சேரியை நான் உண்மையில் கேட்டது அங்கே நின்றுதான். ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மேடைக்கு முன்னால் நின்றால் ஆளைப் பார்க்கலாம், மிக்சருக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டைக் கேட்கலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தானே எல்லோருக்கும் அனுப்புகிறார்! அந்தக் குழுவுக்கு 1984இலிருந்து மிக்சர் பார்த்தவர் மிக் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் ஒரு முதுகும், விரல்களும்தான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களின் மேல் அந்த விரல்கள் ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோல இருந்தன. அவ்வளவு பெரிய சத்தத்தில் ஒரு இடத்தில்கூட மைக் கூவவில்லை. எங்கள் செட்டில் பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைக் கையில் வாங்கினாலே கூவும்.

என்னைக் கட்டிப்போட்டது காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம், அதாவது கிக் ட்ரம்தான். குழுவின் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக் இரண்டு காலாலும் மிதித்து வாசிப்பவர். எங்கள் பாக்ஸில் கேட்டபோது அது வெறும் 'டும் டும்' என்று குழம்பிக் கிடக்கும். அங்கே ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு ஒலி தனித்தனியாகக் கேட்டது. முதலில் நகத்தால் பலகையைச் சுண்டியதுபோல ஒரு 'டிக்', அதே கணத்தில் வயிற்றுக்குள் ஒரு அமுக்கு. அந்த 'டிக்' இருப்பதால்தான் எத்தனை வேகமாக மிதித்தாலும் ஒன்று இன்னொன்றில் கலக்காமல் எண்ண முடிகிறது. தவில் ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு விழுந்து சொல் பிரியும், இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்கழி விழுந்து கனம் வரும். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊரில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? நாகசுரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் ஒரே ஒரு மைக்கை நட்டுவிட்டு, கேட்டால் சரி என்று டீ குடிக்கப் போய்விடுவோம். தவில்காரர் விரலில் கூடு மாட்டி உழைத்ததெல்லாம் குழாய்க்குள் 'தடதட' என்று போய்க்கொண்டிருந்தது. பெங்களூரில், அந்நிய பாஷைப் பாட்டுக்கு நடுவில், எனக்கு எங்கள் ஊர்த் தவில்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கடைசி வரை நடந்துபோயும் கேட்டேன், தொழில் புத்தி. அங்கே பெரிய திரையில் குச்சி முதலில் விழுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட கால் நொடிக்கு மேல் தாமதம். எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் எதிர்க்கரையில் துணி துவைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணி கல்லில் அடித்து மறுபடி மேலே போன பிறகுதான் 'தப்' என்று கேட்கும். அதனால் பின்னால் நின்றவர்கள் கைதட்டுவது முன்னால் தட்டியவர்களோடு சேரவே இல்லை. கைதட்டல் வரப்பைத் தாண்டும் தண்ணீர்போல மைதானத்தில் மெதுவாகப் பரவி வந்தது.

இன்னொன்று. எனக்குப் பல வரிகள் தப்பாகத்தான் தெரியும், காதில் விழுந்ததை வைத்து நானே கட்டிக்கொண்டவை. கூச்சத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் பக்கத்தில் இருந்த பலரும் வரியை விட்டுவிட்டு, கிதார் வாசிப்பதை 'ட்டட் டடட் டா' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொன்னக்கோல் மாதிரி. அதற்கப்புறம் எனக்கென்ன பயம்!

சத்தம் பற்றிக் கேட்டீர்கள். காதுக்கு அது கெடுதல்தான், மழுப்ப மாட்டேன். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். கச்சேரி இரண்டு மணி நேரம். எனக்கு இரண்டு நாள் காதுக்குள் சில்வண்டு கத்தியது. லார்ஸ் உல்ரிக்கே தனக்குக் காது இரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். குழாய்க்குக் கீழேயே காலம் தள்ளிய எங்கள் அப்பாவுக்கும் வலது காது பாதிதான். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்காமல் போகாது, வலிதான் குறையும். வெறும் பஞ்சு பிரயோஜனமில்லை.

திரும்பும்போது ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம் வரை வந்தோம். மச்சானுக்கு ஒரு செருப்பு இல்லை. மேடையில் இருந்து வீசிய கிதார் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) ஒன்று அவன் தோளில் பட்டுக் கீழே விழுந்ததாம், குனிவதற்குள் வேறொருவன் எடுத்துக்கொண்டானாம். இன்றுவரை அதை ஒரு சொத்துத் தகராறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கார்த்திகை மாதம் ஒரு கோயிலில் எங்கள் செட். அப்பா வழக்கம்போல ஒரு மைக்கை நட்டார். நான் தவிலுக்கு மட்டும் இரண்டு மைக் கொண்டுபோய் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று வைத்தேன். தவில்காரர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தொப்பிப் பக்கத்து மைக்கைக் கழியாலேயே ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது ஆவர்த்தனத்தில் மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்த ஒரு தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற அப்பா நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, என்னிடம் வந்து சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மைக் வாடகை எவன்டா குடுப்பான்?"