வெள்ளணு குறைந்தது கேத் லேப் வேலையாலா?

கேள்வி: வயது 31. தனியார் மருத்துவமனை கேத் லேபில் (எக்ஸ்ரே பார்த்தபடி இதய ரத்தக்குழாய் சிகிச்சை செய்யும் அறை) 4 ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆண்டுதோறும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இந்த முறை வெள்ளணுக்கள் 3,800 என்று வந்திருக்கிறது. கதிர்வீச்சால்தான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை ஈய ஏப்ரனில் குத்தியபடியே லேபில் மாட்டிவிட்டு வருவேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். என்ன செய்வது?

மருத்துவர் பதில்: 4,000-க்குச் சற்றுக் கீழே ஒருமுறை வந்த எண் இது. இதைக் கதிர்வீச்சோடு முடிச்சுப் போட வேண்டாம். அண்மையில் வந்த வைரஸ் காய்ச்சல், சில மாத்திரைகள், பி12 குறைவு ஆகியவையே பொதுவான காரணங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து வெள்ளணு வகைப் பிரிப்போடு மறுபடி எடுங்கள். அப்போதும் குறைந்தே இருந்தால் பொதுநல மருத்துவரைப் பாருங்கள்.

கதிர்வீச்சால் லிம்போசைட்டுகள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) வெளிப்படையாகக் குறைய, குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் ஏறத்தாழ 500 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு) பட வேண்டும். இந்தியாவில் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே 5 ஆண்டுகளில் 100, எந்த ஓர் ஆண்டிலும் 30. அந்த வரம்பை எட்டியவருக்கும் ரத்த ரிப்போர்ட் நார்மலாகவே வரும். அதாவது, உங்கள் டோஸை அளக்க ரத்தப் பரிசோதனை உதவாது. அதை அளப்பது பேட்ஜ்தான். அதனால் எனக்குக் கவலை தருவது 3,800 அல்ல, லேபில் தொங்கும் அந்தப் பேட்ஜ்.

லேபிலேயே விட்டால், நீங்கள் இல்லாத நேரத்தில் பட்டதையும் அது உங்கள் கணக்கில் சேர்க்கும். ஏப்ரனுக்கு வெளியே குத்தினால் உடலுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு காட்டும். மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே குத்துங்கள். வேலை முடிந்ததும் கழற்றி, எக்ஸ்ரே அறைக்குத் தொலைவில் கண்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், யாரும் அணியாத பேட்ஜ்) இருக்கும் இடத்தில் வையுங்கள். பையில் மறந்து சட்டையோடு துவைத்தாலோ, வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டாலோ ரீடிங் கெடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் டோஸ் ரிப்போர்ட்டைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். 4 ஆண்டு ரீடிங்கையும் கேளுங்கள். பேட்ஜ் லேபில் தொங்கிய விவரத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் பேட்ஜ் கண்ணுக்குப் படுவதைக் காட்டாது. கேத் லேபில் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்கள் முகத்துக்கு வரும். லென்ஸின் பின்புறம் மங்கல் தொடங்கலாம். ஆகவே கண் பரிசோதனை அவசியம். கண்பாவையை விரித்து ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையை மட்டும் படிக்கவைத்து அனுப்பிவிட்டால் போதாது. ஸ்டீராய்டும் சர்க்கரை நோயும் இதே மங்கலைத் தரும் என்பதால் அவற்றையும் சொல்லுங்கள். ஈயக் கண்ணாடி, கூரையிலிருந்து தொங்கும் ஈயத் தடுப்பு இரண்டையும் தவறாமல் பயன்படுத்துங்கள்.

2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, வேலையில் சேரும்போது எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெற வாய்ப்புள்ளவர்களுக்கு அதன் பிறகு குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அதில் கைத்தோல், கண், பழைய கதிர்சிகிச்சை விவரம் எல்லாம் இடம்பெற வேண்டும். ஏப்ரன் எடையால் வரும் முதுகுவலியையும் சொல்லுங்கள். பலர் சொல்வதே இல்லை. தைராய்டு ஸ்கேன் சேர்த்த பேக்கேஜ்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ரீடிங்குகள் வரம்புக்குள் இருந்தால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடக் காரணமில்லை. நாள் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியானதும் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதன்பின் கருவுக்கான வரம்பு, பிரசவம் வரை மொத்தமே 1 மில்லிசீவர்ட். வேலையை விட வேண்டியதில்லை. கண்ட்ரோல் அறைப் பணிக்கு மாற்றக் கேளுங்கள். லேபுக்குள் போக நேர்ந்தால், அடிவயிற்றில் ஏப்ரனுக்கு உள்ளே இன்னொரு பேட்ஜ் வேண்டும் என்றும் கேளுங்கள்.